பிறக்கிராசியார் விட்டுப்போன 11 பெட்டி: ஸ்கான் பண்ணலாம், பெயர்களை என்ன செய்வது?

கிளுவைவேலி · திங்கள் இரவு

வணக்கம். ஒரு ஆலோசனை வேண்டும்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் போன மாதம் ஒரு குடும்பம் 11 பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியது. அந்த வீட்டுப் பெரியவர் அந்தக் காலத்துப் பிறக்கிராசி, இன்றைய சொல்லில் சட்டத்தரணி. அவருடைய கந்தோரில் இருந்த கட்டுகள்தான் அவ்வளவும். 1920களில் தொடங்கி 1983 வரை போகிறது. 1995 போர் இடப்பெயர்வில் உடுப்பை விட்டுவிட்டு இந்தப் பெட்டிகளை ட்ராக்டரில் ஏற்றித் தென்மராட்சிக்குக் கொண்டுபோனார்களாம். திரும்பி வந்தபோது ஒன்றில் கறையான்.

உள்ளே என்ன இல்லை? வேலி வழக்கு, வழி வாய்க்கால் வழக்கு, பங்குக் கிணற்றில் யார் எந்த நாள் இறைப்பது என்ற வழக்கு, சீதன உறுதிப் பிரதிகள், மரணசாதனங்கள், அடிபிடி, தாபரிப்பு, பிள்ளையின் தகப்பன் யார் என்ற வழக்கு. கோட்டு முத்திரை குத்திய பிரதிகளும் இருக்கின்றன, கட்சிக்காரர் கைப்பட எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. கடுதாசி தொட்டால் உதிர்கிறது. எங்களிடம் நல்ல ஸ்கானர் ஒன்று இருக்கிறது. பின்னேரங்களில் வந்து உதவ ஏ.எல். படிக்கிற மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எனது குழப்பம் இதுதான். நேற்று 1961ஆம் ஆண்டுக் கட்டு ஒன்றை விரித்தேன். ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்ட வழக்கு. எதிராளியின் பெயரைப் பார்த்ததும் மூடிவிட்டேன். எங்கள் ஒழுங்கையில் இருந்தவர். அவருடைய மகன் இன்றைக்கும் வாசிகசாலைக்கு வந்து பேப்பர் பார்க்கிறவர். தனக்கு இன்னொரு சகோதரம் இருப்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

எல்லாவற்றையும் இணையத்தில் போடலாமா? எதை விடுவது? எத்தனை வருடம் கழிந்தால் சரி?

பனங்காணி · திங்கள் இரவு

தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். போடுங்கள்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும். வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அதற்குள் இருந்தன. ஒரு பொருள் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. 2005இல் "நூலகம்" என்ற பெயரில் இணையத்தில் எண்ணிம நூலகம் தொடங்கியபோது எங்களில் எத்தனை பேர் பெருமூச்சு விட்டோம்!

அப்புறம், நீதிமன்றம் என்பது திறந்த இடம். வாசலில் நின்று மூன்று தரம் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்ட வழக்கில் இனி என்ன இரகசியம்? கொழும்பு மேல்நீதிமன்றங்களுக்குப் போன யாழ்ப்பாண வழக்குகள் என்.எல்.ஆர். என்ற தீர்ப்பு அறிக்கைத் தொகுதிகளில் முழுப் பெயரோடு அச்சாகி, அவை இணையத்திலும் இருக்கின்றன. அதற்கு ஒருவரும் அழவில்லையே.

அப்புக்காத்தர் · செவ்வாய் காலை

நான் முப்பது வருடத்துக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டவன். இப்போது வீட்டில் பூமரங்களுக்குத் தண்ணீர் விடுகிறேன்.

பனங்காணி சொல்வது நீதிமன்றப் பதிவறையில் இருக்கும் வழக்கேட்டுக்குப் பொருந்தும். தங்கச்சியிடம் இருப்பது பிறக்கிராசியின் கட்டு. இரண்டும் ஒன்றல்ல. வழக்காளியின் கோரிக்கை, எதிராளியின் மறுமொழி, சாட்சியம், தீர்ப்பு எல்லாம் திறந்த மன்றுக்கு வந்தவை. ஆனால், "ஐயா, அந்தப் பிள்ளை என்னுடையதுதான், கோட்டில் மட்டும் அப்படிச் சொல்ல வேண்டாம்" என்று கட்சிக்காரர் எழுதிய துண்டும் அதே கட்டுக்குள்தான் இருக்கும். நானே இப்படி எத்தனை துண்டுகளைக் கண்டிருக்கிறேன்.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கட்சிக்காரர் தொழில் நிமித்தம் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் சட்டத்தரணி வெளியே சொல்லக்கூடாது. வழக்கு முடிந்து தொடர்பு விட்டுப்போன பிறகும் அந்தக் கடமை தொடரும் என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பெட்டியைத் தந்த பேரப்பிள்ளைகள் பெட்டிக்குத்தான் சொந்தக்காரர். அந்தச் சம்மதத்தைத் தர அவர்களால் முடியாது.

இன்னொன்று, பாலியல் குற்ற வழக்குகள். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தில் தண்டனைச் சட்டக்கோவைக்குள் 365சி என்ற பிரிவு வந்தது. பாதிக்கப்பட்டவர் யார் என்று காட்டக்கூடிய எதையும் அனுமதி இல்லாமல் வெளியிடுவது குற்றம். வழக்கு 1950இல் நடந்தாலென்ன, நீங்கள் வெளியிடுவது இன்றைக்கு. அதில் விளையாட வேண்டாம்.

டொராண்டோபனி · செவ்வாய் மாலை

இந்த இழையைப் பார்த்ததும் கை துடிக்கிறது! எங்கள் குடும்ப மரத்தை ஏழு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கோயில் புத்தகத்தில் இல்லாதது, பிறப்புப் பதிவில் இல்லாதது எல்லாம் வழக்குக் கட்டில்தான் இருக்கும். யார் யாருக்குச் சீதனம் கொடுத்தது, எது முதுசம் (வழிவழி வந்தது), எது தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று, எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி நடந்த காணி வழக்கு ஒன்றை வாசித்தால் மூன்று தலைமுறை வந்து நிற்கும். காணிப் பெயர்கள் வேறு. அடைப்பு, வளவு, கலட்டி என்று முடிகிற எத்தனையோ பெயர்கள் இன்றைக்கு ஒருவர் வாயிலும் இல்லை.

என் பூட்டனார் 1934இல் வேலி வழக்காடினவர். எதிராளி கதிகாலை ஒன்றரை அடி தள்ளி நட்டுவிட்டார் என்று ஒன்பது வருடம் இழுபட்டதாம். எதிராளி [பெயர், ஊர், தகப்பன் பெயர் நெறியாளரால் நீக்கப்பட்டன]. அந்தக் கட்டு உங்களிடம் இருக்கிறதா அக்கா?

லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையான விசாரணைகள், ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல், பெயர் சொல்லித் தேடும்படி 2003 முதல் படிப்படியாக இணையத்தில் ஏறியிருக்கின்றன. வெள்ளைக்காரனுக்கு வெட்கம் இல்லை. எங்களுக்கு மட்டும் என்ன?

நெறியாளர் · செவ்வாய் மாலை

மேலேயுள்ள பதிவிலிருந்து தனிநபர் அடையாளங்களை எடுத்திருக்கிறேன். இழையின் தலைப்பைப் பார்த்துவிட்டாவது எழுதுங்கள்.

டொராண்டோபனி · செவ்வாய் மாலை

1934ஆம் ஆண்டு வேலிச் சண்டை ஐயா! அந்த மனிதர் செத்து ஐம்பது வருடம் இருக்கும்.

மகிழடி · செவ்வாய் இரவு

நெறியாளர் எடுக்குமுன் நான் பார்த்துவிட்டேன். அந்த எதிராளியின் பேத்திதான் எனக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சர். அந்த வேலி வழக்கால் ரீச்சருக்கு ஒன்றும் குறையப் போவதில்லை, அது உண்மை. ஆனால் ஒரு பெயரும் தகப்பன் பெயரும் வந்ததும் மூன்று வினாடியில் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது பாருங்கள், அதைக் கவனியுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், ஊர் பெயர் இல்லாமல். என் சின்னம்மா 1978இல் தாபரிப்பு வழக்குப் போட்டவர். வென்றவர். மாதம் மாதம் காசும் வந்தது. அந்த வழக்கின் சில பக்கங்கள் யாரோ ஒருவருடைய சேகரிப்பில் இருந்து, சில வருடங்களுக்கு முன் ஒரு தளத்தில் ஏறியிருக்கின்றன. ஏறியது முழுக் கட்டு அல்ல, எதிராளியின் மறுமொழி மட்டும். ஆங்கிலத்தில் டைப் அடித்தது. தாபரிப்புக் கொடுக்காமல் தப்ப ஒரு ஆண் தன் மனைவியைப் பற்றி என்னவெல்லாம் சொல்வான் என்று அப்புக்காத்தர் ஐயாவுக்குத் தெரியும். அவ்வளவும் அதில் இருந்தது. தீர்ப்பு இல்லை.

சின்னம்மாவின் பேத்திக்குச் சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் கூகுளில் அடித்திருக்கிறார். முதலாவதாக வந்தது அந்தப் பக்கம். நாங்கள் எழுதிக் கேட்டோம், எடுத்தார்கள், மூன்று மாதம் கழித்து. கலியாணம் நடந்தது. சின்னம்மா வரவில்லை. முழங்கால் வருத்தம் என்று சொல்லிவிட்டார்.

பனங்காணி அண்ணை, வாசலில் மூன்று தரம் கூப்பிட்டது 1978இல் அந்த வாசலில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது. அடுத்த தவணைக்கு அவர்களே மறந்துபோனார்கள்.

பனங்காணி · புதன் காலை

பிள்ளை, உங்கள் சின்னம்மாவின் கதை மனதைக் குத்துகிறது. நான் பழைய காணி வழக்குகளை நினைத்துத்தான் எழுதினேன். ஆனாலும் கேட்கிறேன், ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு சின்னம்மா இருப்பார் என்று பயந்து 11 பெட்டியையும் பூட்டி வைத்தால் கடைசியில் கறையானுக்குத்தான் போகும்.

பிக்சல்தம்பி · புதன் காலை

பூட்டுவதற்கும் போடுவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது அண்ணை. வேலை நேரத்தில் எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கான் பண்ணுவது ஒரு வேலை, இணையத்தில் விடுவது இன்னொரு வேலை, பெயர் சொல்லித் தேடவைப்பது மூன்றாவது வேலை. நாங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, பிறகு தலையில் கை வைக்கிறோம். கறையானுக்குப் பயம் என்றால் முதலாவது போதும். எல்லாப் பக்கத்தையும் டிஃப் படக் கோப்பாக எடுத்து, ஒன்று வாசிகசாலையில், ஒன்று கொழும்பில், ஒன்று வெளிநாட்டில் என்று மூன்று வன்தட்டில் வைக்கலாம். எரிந்தாலும் போகாது. அதற்காக அது கூகுளில் வரவேண்டும் என்று இல்லை.

மகிழடி அக்கா சொன்ன மூன்று வினாடிக் கதை உலகத்து நீதிமன்றங்களும் கண்டதுதான். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1989இல் இதைத் தொட்டது. ஒருவருடைய குற்றப் பதிவுகள் ஊர் ஊராக நீதிமன்ற அலுமாரிகளில் சிதறிக் கிடப்பதும், அவ்வளவையும் ஒரே கணினியில் திரட்டி வைப்பதும் ஒன்றல்ல, சிதறிக் கிடப்பதே ஒரு பாதுகாப்பு என்றது. அப்புறம் 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம். ஸ்பெயினில் ஒருவருடைய வீடு கடனுக்கு ஏலம் போனதை 1998இல் ஒரு பத்திரிகை விளம்பரமாகப் போட்டது. பல வருடம் கழித்தும் அவர் பெயரைத் தேடினால் அதுதான் வந்தது. பத்திரிகை அந்தப் பக்கத்தை வைத்திருக்கலாம், தேடுபொறி மட்டும் அவர் பெயருக்கு அதைக் காட்டக்கூடாது என்பது முடிவு. பக்கம் அப்படியே இருக்கும், பெயரிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிற வழிதான் அடைபடும். எங்கள் ஊர் வழி வாய்க்கால் வழக்கு மாதிரி.

எங்கள் கட்டுகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. பழைய தமிழ்க் கையெழுத்தை எழுத்துணரி மென்பொருள் சரியாக வாசிக்காது. ஆங்கிலத்தில் டைப் அடித்ததை உடனே வாசித்துவிடும். ஆகவே எது தேடலில் அகப்படும், எது அகப்படாது என்பதைத் தீர்மானிப்பது வழக்கின் தன்மை இல்லை, அன்றைக்கு அந்தக் கந்தோரில் டைப்ரைட்டர் இருந்ததா என்பதுதான். சின்னம்மாவின் விஷயத்தில் நடந்தது அதுவே.

கறுப்புப் பட்டை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப் கோப்பில் பெயருக்கு மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் பெயர் அழியாது, கீழே எழுத்து அப்படியே கிடக்கும். மவுஸால் இழுத்துக் கொப்பி பண்ணினால் வந்துவிடும். பெரிய பெரிய அலுவலகங்களே இதில் அகப்பட்டிருக்கின்றன. படத்திலேயே அழித்து, அந்தப் படத்திலிருந்து புதிதாகப் பிடிஎஃப் செய்ய வேண்டும். மூலப் படத்தில் கை வைக்கவே கூடாது, அழிப்பது வெளியே விடும் பிரதியில் மட்டும்.

பிக்சல்தம்பி · புதன் காலை

மறந்துபோனேன். தேடுபொறிகளுக்கு வழி சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் "வராதே" என்று எழுதிவிட்டால் கூகுள் காட்டாது என்று பலர் நம்புகிறார்கள். அது உள்ளே வந்து வாசிக்க வேண்டாம் என்று சொல்வது மட்டுந்தான். வேறு யாராவது இணைப்புக் கொடுத்திருந்தால் முகவரி தேடலில் வரலாம். தேடலில் காட்டாதே என்று சொல்லும் நோ-இன்டெக்ஸ் என்ற குறிப்புத்தான் வேண்டும். பிடிஎஃப் என்றால் அதை சேர்வர் அனுப்பும் தலைப்பில் போட வேண்டும். அதுவும் நல்ல பிள்ளைகளுக்குத்தான் வேலை செய்யும், செயற்கை நுண்ணறிவுக்காக அள்ளிக்கொண்டு போகிறவை எல்லாம் அதை மதிக்கும் என்று சத்தியம் பண்ண என்னால் ஏலாது.

அப்புக்காத்தர் · புதன் மதியம்

தம்பி தெளிவாகச் சொன்னார். காணிப் பக்கத்திலிருந்து நான் ஒன்று சேர்க்கிறேன், இதை ஒருவரும் நினைக்கவில்லை.

கள்ள உறுதி. வெளிநாட்டில் இருப்பவருடைய வெறும் காணிக்கு இங்கே யாரோ கையெழுத்து வைத்து உறுதி முடிக்கிற கதை நீங்கள் கேள்விப்படாததா? அதற்கு என்ன தேவை? பழைய உறுதியின் இலக்கம், எல்லை விவரம், சொந்தக்காரரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்ற மாதிரி, நொத்தாரிசின் முத்திரை. ஒரு நல்ல ஸ்கான் இந்த நாலையும் தட்டில் வைத்துக் கொடுக்கும். 1930ஆம் ஆண்டு உறுதி என்றாலும், அந்தக் காணி அதன் பிறகு கைமாறாமல் பேரப்பிள்ளைகளின் பெயரில் கிடந்தால் ஆபத்துத்தான். கையெழுத்தையும் பெருவிரல் அடையாளத்தையும் வெளிப்பிரதியில் மங்கலாக்குங்கள். எல்லை விவரத்தை விடலாமா என்று காணிக்குக் காணி பாருங்கள்.

1972க்குப் பிறகான கட்டுகளில் அடையாள அட்டை இலக்கம் இருக்கும். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைப் பார்த்தால் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் கையில். அந்த இலக்கத்தோடு இன்றைக்கும் வங்கிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதை அழிப்பதால் எந்த வரலாற்றாசிரியருக்கும் ஒரு சதம் நட்டம் இல்லை.

பங்குக்கிணறு · புதன் இரவு

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் கொஞ்சம் வேறு இடத்திலிருந்து பேசுகிறேன்.

எங்கள் ஆட்களின் பெயர் இந்த ஊர்க் கடுதாசியில் வருகிற இடமே நீதிமன்றம்தான். காணி உறுதியில் நாங்கள் இல்லை, கோயில் கல்வெட்டில் இல்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்ற தேசவழமையில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. அடிமைத்தனம் இந்த நாட்டில் சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். முத்துக்கிருஷ்ணா 1862இல் தேசவழமையை அச்சிட்டபோது நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்தார். அவர் சேர்க்காவிட்டால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் எதற்கெல்லாம் வழக்காடினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சாதியைக் காட்டி மறிப்பதைக் குற்றமாக்கி 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே விடச் சொல்லி, எங்கள் பெரியவர்கள் இருந்தார்கள். அக்காவின் பெட்டிகள் 1983 வரை வருகின்றன என்றால் தேத்தண்ணிக் கடை, பொதுக் கிணறு, வீதியால் போன பிரேதம் என்று இந்த வழக்குகளும் கட்டாயம் இருக்கும். அங்கே பெயரை அழித்தால் யாரைக் காப்பாற்றுகிறீர்கள்? தண்ணீர் அள்ளப் போனவரின் வாளியை உடைத்தவரையா? அடித்தவரின் பேரன் வந்து, "குடும்ப மானம், மறையுங்கள்" என்பார். அடி வாங்கினவரின் பேரன் நான். எனக்கு அது தெரிய வேண்டும்.

தனியுரிமை என்ற சொல்லை வைத்து இந்த ஊர் தன் வரலாற்றைக் கழுவிக்கொள்ளும் என்பதுதான் என் பயம்.

மகிழடி · புதன் இரவு

நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்தக் கடுதாசிகளில் ஒவ்வொரு சாட்சியின் பெயருக்கும் பக்கத்தில் சாதியையும் எழுதியிருப்பார்கள். அடி வாங்கினவரின் இன்னொரு பேரன் எங்கேயோ ஒரு நகரத்தில், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தால்?

பங்குக்கிணறு · வியாழன் அதிகாலை

நித்திரை வரவில்லை. அக்கா கேட்டது சரி.

என் சொந்தத் தம்பியே அப்படித்தான். ஊர் எது என்று யாராவது கேட்டால் யாழ்ப்பாணம் என்று மட்டும் சொல்வான். "யாழ்ப்பாணத்தில் எங்கே?" என்ற அடுத்த கேள்வி எதற்கு வருகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் தகப்பனாரின் பெயரை நான் வெளியே போட்டால் அவனுடைய தகப்பனாரின் பெயரும் அதுதானே. அவனுக்குப் பதிலாக நான் முடிவெடுக்க முடியாது. ஆனால் அவனுக்காக எல்லாவற்றையும் மறைக்கவும் எனக்கு மனம் இல்லை. இதற்கு விடை என்னிடம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த வழக்குகளை மூன்றாம் ஆட்கள் இருந்து வெட்டிக் கொத்த வேண்டாம். யாருடைய வழக்கோ அவர்களுடைய ஆட்கள் சிலரையும் அந்த மேசையில் இருத்துங்கள்.

டொராண்டோபனி · வியாழன் காலை

நான் கொஞ்சம் அடங்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஓல்ட் பெய்லியைப் பற்றித் திரும்ப வாசித்தேன். அங்கேயும் கடைசி வருடம் 1913தான். அதோடு, 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து பாலியல் வழக்குகளின் விவரங்களை அச்சிடத் தகாதவை என்று அந்த நாளிலேயே விட்டுவிட்டார்களாம். ஆக வெள்ளைக்காரனும் மறைத்திருக்கிறான், வேறு காரணத்துக்கு.

அப்படியென்றால் நூறு வருடம் என்று ஒரு கோடு கீறினால் என்ன? பிரித்தானியக் குடிசன மதிப்பீடும் அப்படித்தானே, 1921ஆம் ஆண்டினுடையதை 2022இல் திறந்தார்கள்.

அப்புக்காத்தர் · வியாழன் காலை

கோடு வசதியானது தம்பி. ஆனால் எங்கள் பெட்டிகளுக்கு அது சரியாகப் பொருந்தாது. நூறு வருடக் கோடு போட்டால் உங்கள் பூட்டனாரின் வேலி வழக்கு உள்ளே கிடக்கும், அதை வெளியே விடுவதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. 1922ஆம் ஆண்டு மரணசாதனத்தில் "இவன் என் பிள்ளை இல்லை" என்று எழுதி ஒருவனைத் தள்ளியிருந்தால் அது வெளியே வந்துவிடும். காணியும் சேர்ந்து வரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு புதுமை இருக்கிறது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி இறந்தவர்களுக்குப் பொருந்தாது. எங்களுடையது தரவுக்குரியவர் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது உயிரோடு இருப்பவரையும் இறந்தவரையும் சேர்த்தே சொல்கிறது. குற்றங்கள், குற்ற வழக்குகள், சிறுவர்கள் சம்பந்தப்பட்ட தரவுகளை விசேட வகையில் வைத்திருக்கிறது. பொதுநலனுக்கான ஆவணக் காப்புக்கும் வரலாற்று ஆய்வுக்கும் அதில் இடம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு "செத்தவர்தானே" என்று போக முடியாது. வாசிகசாலை நிர்வாகத்தில் இதை எழுத்தில் ஒரு முடிவாக எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

1979க்குப் பிந்திய கட்டுகளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களின் விஷயம் ஏதாவது இருந்தால் அதை வேறாக எடுத்து வையுங்கள். அங்கே ஒரே அளவுகோல் இல்லை. காணாமல் போன பிள்ளையின் பெயர் ஒரு கடுதாசியிலாவது இருக்கட்டும் என்று தாய் கேட்பார், அவருக்கு அது மறைக்கக்கூடாத பெயர். உயிரோடு வெளியே வந்து எங்கோ கடை வைத்திருப்பவருக்கு அதே பட்டியல் தலைவலி. குடும்பத்தைக் கேட்காமல் அசைக்க வேண்டாம்.

பனங்காணி · வியாழன் மதியம்

சரி, நான் தோற்றேன் என்று எழுத மாட்டேன், பாதி தூரம் வந்துவிட்டேன் என்று எழுதுகிறேன். ஒரு நிபந்தனை. எதை மறைத்தாலும் மறைத்ததாகச் சொல்லுங்கள். "இந்தக் கட்டில் 14 பக்கம் உண்டு, 3 பக்கம் வெளியிடவில்லை, காரணம் கட்சிக்காரர் கடிதம்" என்று அட்டவணையில் இருக்க வேண்டும். இருப்பதே தெரியாமல் மறைத்தால் பிறகு அது தொலைந்தாலும் ஒருவருக்கும் தெரியாது.

பிக்சல்தம்பி · வியாழன் மதியம்

இதை நான் சட்டகம் போட்டு மாட்டுவேன் அண்ணை. முதல் எழுத்து மட்டும் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "க.வை" ஊரில் யார் என்று தெரியாதா? ஒழுங்கையும் காணிப் பெயரும் இருந்தால் போதும், மிச்சத்தை ஊரே நிரப்பிவிடும். மறைப்பதென்றால் முழுப் பக்கத்தையும் வெளிப்பிரதியிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் விடுங்கள்.

கிளுவைவேலி · வெள்ளி இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று பின்னேரம் நிர்வாகத்தில் இருந்து பேசினோம். அரைமணி நேரம் என்று தொடங்கி, மூன்று தரம் தேத்தண்ணி போட்டோம்.

முடிவானது இவ்வளவு. 11 பெட்டியையும் ஒரு பக்கம் விடாமல் ஸ்கான் பண்ணுகிறோம், மூன்று வன்தட்டு. கட்சிக்காரர் கடிதங்களைத் தனி உறையில் போட்டு மூடுகிறோம், அவற்றை ஸ்கான் பண்ணுவது நானும் இன்னொரு பெரியவரும் மட்டும், ஏ.எல். பிள்ளைகள் இல்லை. (இதை ஒருவரும் இங்கே கேட்கவில்லை, ஆனால் எனக்கு முதல் நாளிலிருந்தே உறுத்திய விஷயம். அந்தப் பிள்ளைகளில் ஒருவருடைய குடும்பம் அதே ஒழுங்கை.) இணையத்தில் முதலில் போவது காணி, வேலி, கிணறு, வழி வாய்க்கால் கட்டுகள், அதுவும் 1950க்கு முந்தியவை, கையெழுத்தை மங்கலாக்கி. கூகுளுக்குக் காட்டாமல், எங்கள் அட்டவணையில் ஊர், வருடம், வழக்கு வகை, காணிப் பெயர் என்று தேடலாம். ஆட்பெயர் சொல்லித் தேட முடியாது. தாபரிப்பு, விவாகரத்து, தகப்பன் வழக்கு, பாலியல் வழக்கு எதுவும் இணையத்தில் இல்லை. அந்த வீட்டார் வந்து கேட்டால் முழுக் கட்டையும் காட்டுவோம், தீர்ப்போடு சேர்த்து. பனங்காணி அண்ணை கேட்டபடி, மறைத்த பக்க எண்ணிக்கையும் காரணமும் அட்டவணையில் இருக்கும். 1950 என்ற வருடம் யோசித்துப் போட்டதில்லை. ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினோம், அடுத்த வருடம் திரும்பப் பார்ப்போம்.

பங்குக்கிணறு அண்ணை, 1957க்குப் பிறகான அந்த வழக்குகள் ஏழு இருக்கின்றன. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, கயிறும் அவிழ்க்கவில்லை. நீங்கள் சொன்ன மேசைக்கு யாரைக் கூப்பிடுவது என்று தனிமடலில் எழுதுவீர்களா?

1961ஆம் ஆண்டுக் கட்டும் உறைக்குள் போய்விட்டது. அவர் இன்றைக்கும் வந்தார். பேப்பரைப் பார்த்துவிட்டு, மின்விசிறி சத்தம் போடுகிறது, எண்ணெய் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெட்டி பிரிக்கிறோம். வரக்கூடியவர்கள் முகமூடி கொண்டுவாருங்கள், தூசி சொல்லி மாளாது.

பங்குக்கிணறு · வெள்ளி இரவு

எழுதுகிறேன். சனிக்கிழமையும் வருவேன்.

டொராண்டோபனி · வெள்ளி இரவு

என் பூட்டனாரின் கட்டு?

கிளுவைவேலி · வெள்ளி இரவு

நாலாம் பெட்டியில் இருக்கிறது தம்பி. 212 பக்கம். ஒன்றரை அடிக்கு!

மகிழடி · சனி காலை

நேற்று ரீச்சருக்குப் போன் எடுத்தேன். இப்படி ஒரு இழையில் உங்கள் பாட்டனாரின் பெயர் வந்து நெறியாளர் எடுத்துவிட்டார், உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "பேரைப் போட்டால் என்ன, எங்கட பக்கம்தான் வென்றது" என்றார். டொராண்டோபனிக்கு ஒரு செய்தியும் சொன்னார்: "வேலி இப்ப மதிலாய்ப் போச்சுது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் வந்து அளந்து பார்க்கச் சொல்லு, அடிமட்டம் என்னட்டை இருக்கு."